ஆமைவண்டும் இரண்டு கொடிகளும்

நான் இணையத்தில் ஏற்றிய முதல் படத்துக்கு வந்த பதிலில் இரண்டே சொற்கள்தான் இருந்தன. "எந்தச் செடி?"

பூச்சிகளைப் படம் எடுத்துப் போட்டால், விஷயம் தெரிந்தவர்கள் பெயர் சொல்லும் தளம் அது. சேலையூரில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தை ஒட்டி ஒரு காலி மனை இருந்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு அதன் முள்கம்பி வேலி முழுக்கக் கொடி ஏறியிருந்தது. அதில்தான் அந்த வண்டைப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் அளவுகூட இருக்காது. ஓட்டின் ஓரமெல்லாம் கண்ணாடி போலத் தெளிவு, நடுவில் அசல் பொன் நிறம். தலையும் காலும் ஓட்டுக்கு அடியில் ஒளிந்திருந்ததால் குட்டி ஆமை ஒன்று இலையில் ஒட்டிக்கொண்டது போலிருந்தது. படம் எடுத்துப் போட்டுவிட்டு, பெயர் வரும் என்று காத்திருந்தேன். வந்தது கேள்வி.

"ஒரு கொடி" என்று எழுதினேன்.

"கொடி என்பது செடியின் பெயர் இல்லை. இது இலைவண்டுக் குடும்பம். இவை கண்ட இலையைத் தின்பதில்லை. செடி தெரிந்தால் வண்டு பாதி தெரிந்த மாதிரி" என்று பதில் வந்தது.

எழுதியவர் ஆணா பெண்ணா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகப்புப் படத்தில் ஒரு வண்டு இருந்தது, அவ்வளவுதான். மலைப்பக்கத்து ஊர் எதிலோ இருப்பவர் என்பது மட்டும் அவர் போட்டிருந்த படங்களில் தெரிந்தது. அந்தப் பதில் எனக்குச் சுருக்கென்றது. நான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக டெக்னீஷியன். நுண்ணோக்கியில் ரத்த அணுக்களை இனம் பிரிப்பது என் வேலை. இது இல்லை, அது என்று மற்றவர்களுக்குச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

அந்த வண்டை நான் ஒரு மாதிரி டப்பாவில் பிடித்து வைத்திருந்தேன். மூத்திரம் பிடிக்கக் கொடுப்போமே, அந்த டப்பா, புதியதுதான். செடியைக் கவனிக்க வேண்டும் என்று எனக்கு உறைப்பதற்குள் இரண்டு நாள் போய்விட்டது. திறந்து பார்த்தேன், செத்திருந்தது. பொன் நிறம் போயே போய்விட்டது. காய்ந்த வைக்கோல் நிறத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு துண்டு. உடம்பில் ஈரம் இருக்கும் வரைதான் அந்த மினுமினுப்பு என்று பிறகு படித்தேன். அன்று அது தெரியாது. நான்தான் கொன்றேன் என்பது மட்டும் தெரிந்தது. இனி உயிரோடு பார்த்து, உயிரோடு பெயர் கண்டுபிடிப்பது என்று அன்றே முடிவு செய்தேன்.

மறுநாள் எங்கள் கட்டடத்துக்காரர்களிடம் வேலியில் இருப்பது என்ன கொடி என்று விசாரித்தேன். மூன்று பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள், சீந்தில். காய்ச்சலுக்குக் கஷாயம் வைக்க அவர்கள் அதைப் பறித்ததுண்டு. இதய வடிவ இலை, வேலியில் ஏறும், எல்லாம் பொருந்தியது. "சீந்தில். உறுதியாகத் தெரியும்" என்று தளத்தில் எழுதினேன்.

"சீந்திலை இந்த வண்டு தின்று நான் பார்த்ததில்லை. உங்கள் வண்டு இலையைத் தின்றுகொண்டிருந்ததா, சும்மா உட்கார்ந்திருந்ததா?"

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குக் கோபம் வந்தது. சாப்பாட்டு மேசையில் அதைச் சொல்லிப் புலம்பினேன். என் கணவர் பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் ஒரு கம்பெனிக்குத் தினமும் மேடவாக்கம் நெரிசலைத் தாண்டிப் போய் வருபவர். தட்டிலிருந்து நிமிராமல் சொன்னார்.

"நான்கூடத்தான் தெனமும் ஒரு மணி நேரம் மேடவாக்கம் சிக்னல்ல உட்காந்திருக்கேன். அதுக்காக அது என் வீடு ஆயிடுமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் மறுநாள் மதியம் வேலை முடிந்து வந்ததும் வேலிக்குப் போய் உயிருள்ள வண்டு ஒன்றைப் பிடித்து வந்தேன். டப்பாவின் மூடியில் ஊசியால் துளை போட்டு, உள்ளே ஈரப் பஞ்சு வைத்தேன். முதலில் சீந்தில் இலை மட்டும் போட்டேன். ஒரு நாள் முழுக்க அது இலையில் ஏறவே இல்லை, மூடியிலேயே சுற்றிச் சுற்றி வந்தது. இன்னொரு நாள் கொடுத்துப் பார்க்கலாமா என்று யோசித்தேன். செத்துவிடுமோ என்று பயமாக இருந்தது. வேலிக்குத் திரும்பப் போய், வண்டைப் பிடித்த அதே இடத்தில் இருந்த இலைகளை எல்லாம் கலந்து பறித்து வந்து போட்டேன். ராத்திரி தூங்கி எழுந்து காலை ஐந்தரைக்குப் பார்த்தால் ஓர் இலையில் நாலைந்து வட்டத் துளைகள். பக்கத்திலேயே கிடந்த சீந்தில் இலை அப்படியே இருந்தது.

இரண்டு இலைகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் இதய வடிவம்தான். ஆனால் வண்டு தின்றது மெல்லிசு, நுனி கூர், காம்பு நூல் மாதிரி. வேலியில் இருந்தது ஒரு கொடி இல்லை, இரண்டு.

அன்று மதியம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய், வண்டை வேலியில் திரும்ப விட்டுவிட்டு, ஓரமாக உட்கார்ந்தேன். வண்டு தின்ற மாதிரி இலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதன் தண்டை விரலால் பின்தொடர்ந்து போனேன். அது சீந்தில் தண்டைச் சுற்றி நாலு தரம் போய், முள்கம்பிக்கு அடியில் நுழைந்து, மறுபக்கம் வந்து, ஒரு உடைந்த சிமென்ட் கம்பத்தின் காலடியில் மண்ணுக்குள் இறங்கியது. அதைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. சீந்தில் தண்டு தடிமன், மேலெல்லாம் மொரமொரவென்று மரு, அங்கங்கே கயிறு மாதிரி வேர் தொங்கும். மற்றது பென்சில் கோடு மாதிரி மெலிசு. கையில் இரண்டு இடத்தில் முள்கம்பி கிழித்திருந்தது. டெட்டால் போட்டுக்கொண்டே தளத்தில் எழுதினேன். "நான் சொன்னது தப்பு. சீந்தில் இல்லை. அதோடு பின்னிக்கொண்டு வேறொரு கொடி இருக்கிறது. தின்பது அதைத்தான்."

"நல்லது" என்றார். "இலையைப் பார்த்தால் தாளி இனம் மாதிரித் தெரிகிறது. அதில் பல வகை உண்டு. பூவைப் பார்க்காமல் சொல்ல முடியாது."

பூவில்தான் என் கஷ்டம் தொடங்கியது. மொட்டுகள் இருந்தன. ஆனால் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருபவர்களுக்காக நாங்கள் காலை ஏழு மணிக்கே நிலையத்தைத் திறந்துவிடுவோம். ஆறரைக்கு நான் வேலியைத் தாண்டிப் போகும்போது மொட்டு முறுக்கிக்கொண்டு இருக்கும். மூன்று மணிக்குத் திரும்பும்போது பூ வாடிச் சுருண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குக் கோயில் ஆராதனை, அதை நான் தவறவிடுவதில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து நேராக வேலிக்கு ஓடிவந்தேன். பத்தே முக்கால் ஆகிவிட்டது. அன்று வெயில் கொஞ்சம் கூடுதல். ஒரு பூகூட விரிந்து இல்லை.

ஆனால் அன்று வேறொன்று கிடைத்தது. இலையின் அடிப்பக்கத்தில் காகிதம் ஒட்டியது போன்ற ஒரு பழுப்புப் பொட்டலம். உள்ளே முட்டைகள். அந்த இலையோடு கிள்ளி எடுத்துவந்தேன். ஒரு வாரத்துக்குள் பதினொரு புழுக்கள் வெளியே வந்தன. உடம்பின் ஓரமெல்லாம் முள், வால் நுனியில் ஒரு கவை. உரித்த தோலையும் போட்ட எச்சத்தையும் அந்தக் கவையில் கோத்து, குடை பிடிக்கிற மாதிரி முதுகுக்கு மேலே தூக்கிக்கொண்டு திரியும். தூரிகையால் லேசாகத் தொட்டால் அந்தக் குடையை என் பக்கம் சாய்க்கும். நான் அவற்றுக்குத் தினமும் வேலியிலிருந்து இலை பறித்துப் போட்டேன். இலைக்கு என்றும் பஞ்சம் வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த வாரச் சனிக்கிழமை மதியம் நான் வேலையிலிருந்து வந்தபோது மனையில் ஒரு பொக்லைன் நின்றுகொண்டிருந்தது. பாதி வேலி ஏற்கெனவே மடங்கிக் கிடந்தது. வண்டியை ஸ்டாண்ட் போட்டேனா இல்லையா என்றுகூட நினைவில்லை. ஹெல்மெட்டோடு ஓடிப்போய்க் கை காட்டினேன். ஓட்டிக்கொண்டிருந்தவர் ஐம்பது வயதுக்காரர், தலையில் துண்டு. இன்ஜினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, மனை உங்க்ளுதா?"

"இல்லண்ணா. அந்தக் கம்பத்துக்கிட்ட ஒரு கொடி இருக்கு. அத வேரோட எடுத்துக்கிறேன். பத்து நிமிஷம் குடுங்க."

"மருந்துக்கா?"

"இல்ல. அதுல ஒரு வண்டு இருக்கு. அது என்ன கொடின்னு எனக்குத் தெரியணும்."

"தெரியாததுக்கா எடுத்துக்கினு போற?"

"தெரிஞ்சிக்கிறதுக்குத்தான் எடுக்கிறேன்."

வீட்டிலிருந்து கரண்டியும் பழைய கத்தியும் கொண்டுவந்து தோண்டினேன். மழை ஓய்ந்து காய்ந்து இறுகிய களிமண், கரண்டி வளைந்தது. கொடியின் வேர் கம்பத்தின் அடியில் நேராக இறங்கியிருந்தது. அவர் இறங்கி வந்து குனிந்து பார்த்தார்.

"இப்டி கிண்டினா வேரு அறுந்துடும். ஒத்து நில்லு."

மேலே ஏறி, அந்தப் பெரிய வாளியை மெதுவாக இறக்கி, கம்பத்தையும் மண்ணையும் கொடியையும் மொத்தமாக அள்ளினார். இலைகளை வெளியே தொங்கவிட்டபடி வண்டி எங்கள் கேட் வரை வந்தது. மண் உதிராமல் கேட்டுக்கு ஓரமாக இறக்கி வைத்தார். நன்றி சொல்லப் போனேன்.

"வேலை கீது, நகரு" என்று சொல்லிவிட்டுப் பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு மணி நேரத்தில் மனை மொட்டையாகிவிட்டது.

சாயங்காலம் நானும் என் கணவரும் அந்த மண்கட்டியை இரண்டு பெயின்ட் வாளிகளுக்குள் பிரித்து வைத்து, ஆளுக்கொன்றாக மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனோம். லிஃப்டில் மண் சிந்தினால் பிரச்சினை வரும் என்று படிக்கட்டு வழியாகவே மூன்று மாடி ஏறினோம். மேலே போனதும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "வண்டுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்றார்.

மூன்று நாளில் கொடி தன் இலை எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டது. வெறும் நூல் மாதிரித் தண்டு மட்டும் நின்றது. டப்பாவில் பதினொரு புழுக்கள் இருந்தன, அவற்றுக்குப் போட இலை இல்லை.

பிறகு நான் செய்ததெல்லாம் இப்போது நினைத்தால் எனக்கே ஆச்சரியம். உதிர்ந்ததில் வாடாமல் மிஞ்சிய ஓர் இலையை, ஒப்பிட்டுப் பார்க்க, ஈரத் துணியில் சுற்றி ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். கேம்ப் ரோட்டின் பக்கத்துத் தெருக்களில் ஒரு வேலி விடாமல் பார்த்தேன். சேலையூர் ஏரி ஓரம் போனேன். ஒரு வீட்டுச் சுவரில் இதய வடிவ இலையைப் பார்த்துச் சந்தோஷமாகப் பறித்தேன், கிள்ளிய இடத்தில் பால் கொட்டியது. இருந்தாலும் கொண்டுபோய்ப் போட்டேன். புழுக்கள் அதன் மேல் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டன. அது வேலிப்பருத்தி என்று பிறகு தெரிந்தது. நான் புத்தகத்தையும் போனையும் வைத்துக்கொண்டு தடுமாறியதை, அவை ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டன. அன்று ஒரு புழு செத்தது. மறுநாள் இன்னும் இரண்டு.

அதற்கடுத்த நாள் நிலையத்தில் லீவு சொன்னேன். காரணம் கேட்டபோது வீட்டில் பசியோடு சில பேர் இருக்கிறார்கள் என்று வாய்வரை வந்துவிட்டது. சொந்த வேலை என்று மட்டும் சொன்னேன். கீழ்க்கட்டளை ஏரிப் பக்கம் ஒரு பழைய கம்பி வேலி இருப்பது நினைவுக்கு வந்து அங்கே போனேன். குப்பை, பிளாஸ்டிக் பை, கோவைக்கொடி, அதற்குள்ளே அந்த மெல்லிசு இலை. நான் வைத்திருந்த இலையை எடுத்து அதன் மேல் வைத்துப் பார்த்தேன். நரம்பு நரம்பாகப் பொருந்தியது. ஆனாலும் இந்தத் தடவை நானாக முடிவு செய்யவில்லை. ஒரு கைப்பிடி பறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து டப்பாவில் போட்டேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தேன். ஒரு புழு தலையை நீட்டியது. குடையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு இலையின் ஓரத்தில் வாய் வைத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதன் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் கீழ்க்கட்டளைக்குப் போய் வந்தேன்.

எட்டுப் புழுக்களில் ஏழு கூட்டுப்புழுவாகி இலையில் ஒட்டிக்கொண்டன. ஒரு வாரம் கழித்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எனக்குப் பெரிய ஏமாற்றம். பொன் நிறமே இல்லை, வெளிறிய மஞ்சள். ஏதோ தப்பாகிவிட்டது என்று தளத்தில் எழுதினேன்.

"பொறுங்கள். நிறம் ஏறச் சில நாளாகும்" என்றார் அவர்.

இதற்கிடையில் மொட்டை மாடியில் வாளிக் கொடி துளிர்த்துவிட்டது. தை பிறக்கும் முன்பே துணி காயப்போடும் கம்பியைப் பிடித்து ஏறி, டிஷ் ஆன்டெனாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் கட்டடச் சங்கத்தின் செயலாளர் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் மாலை மாடிக்கே என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், இது என்ன, காட்டுக்கொடிய கொண்டாந்து வளக்கறீங்க? ரோஜா வைங்க, துளசி வைங்க, யாரும் கேக்க மாட்டாங்க. தண்ணி எறங்கி சீலிங்ல லீக் ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

"நான் பொறுப்பு சார். வாளிக்கு அடியில தட்டு வச்சிருக்கேன், பாருங்க."

"டாப் ஃப்ளோர்ல கம்ப்ளெயின்ட் பண்றாங்க மேடம். நாளைக்கு எடுத்துடுங்க."

"நாளைக்கு முடியாது சார். இது பூக்கணும். மொட்டு வந்திருக்கு. பூவ ஒரே ஒரு தடவ பாத்துட்டா போதும். மாசக் கடைசிக்குள்ள நானே எறக்கிடறேன்."

"பூ வேணும்னா கடைல வாங்கலாமே" என்றார், நிஜமாகவே புரியாமல்.

"இந்தப் பூ கடைல கெடைக்காது சார்."

நான் குரலை உயர்த்தவில்லை. ஆனால் வாளிக்கு முன்னால் நின்றுகொண்டு நகரவும் இல்லை. அவர் கொடியைப் பார்த்தார், ஆன்டெனாவைப் பார்த்தார். "மாசக் கடைசி. எழுதிக் குடுத்துடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கே மாடிக்குப் போனேன். மொட்டு தடித்து, நுனியில் வெளுப்பு தெரிந்தது. ஏழரைக்கு என் கணவர் வெள்ளைச் சட்டையோடு மேலே வந்தார்.

"கோயிலுக்கு நேரமாச்சு. வரலயா?"

"நீங்க போங்க. இன்னிக்கு நான் வரல."

"பாஸ்டர் கேட்டா என்ன சொல்ல?"

"மாடில இருக்கேன்னு சொல்லுங்க."

எட்டு மணிக்கு முன்பாகவே முறுக்கு அவிழ ஆரம்பித்தது. சிறிய குடை மாதிரிப் பூ. வெளிறிய மஞ்சள், கிட்டத்தட்ட வெள்ளை, தொண்டைக்குள் மட்டும் அடர்ந்த ஊதா. நான் இளஞ்சிவப்புப் பூவைத்தான் எதிர்பார்த்திருந்தேன். இலையை மட்டும் பார்த்து, இளஞ்சிவப்பாகப் பூக்கும் தாளி வகைதான் என்று மனதுக்குள் தீர்மானித்து, குறிப்பேட்டில்கூட எழுதி வைத்திருந்தேன். அதை அங்கேயே அடித்தேன். முன்பக்கம், பின்பக்கம், புல்லி இதழ், காம்பு என்று வரிசையாகப் படம் எடுத்து, மாடியிலிருந்தே ஏற்றினேன். பெயரை உடனே போடவில்லை. தொடர்ந்து அரை மணி நேரம் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் எழுதினேன். "சிறுதாளி என்று நினைக்கிறேன்."

பதினொரு மணி வாக்கில் பதில் வந்தது. "சிறுதாளியேதான். இனி உங்கள் வண்டின் பெயரைச் சொல்லலாம்." கீழே வண்டின் நீளமான அறிவியல் பெயரை எழுதியிருந்தார். "முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு, தின்ற இலை, பூ, எல்லாவற்றையும் ஒரே பதிவில் போடுங்கள். உங்கள் பகுதியிலிருந்து இந்த வண்டுக்கு இப்படி முழுசாக ஒரு பதிவு இந்தத் தளத்தில் இல்லை."

நாற்பத்து மூன்று படங்களை வரிசைப்படுத்தி ஏற்றி முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. மதியம் என் கணவர்தான் ரசம் வைத்தார்.

ஏழு வண்டுகளுக்கும் அந்த வாரம் பொன் நிறம் ஏறியது. பொங்கல் விடுமுறையில் ஒரு காலை நாங்கள் இருவரும் கீழ்க்கட்டளை வேலிக்குப் போனோம். அதுவரை அவர் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்ததில்லை. மூடியைத் திறந்து, வெயில் படும்படி நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

"இது நெஜமாவே இப்டித்தானா? நீ ஃபோட்டோல ஏதோ பண்றேன்னு நெனச்சேன்" என்றார்.

நாலு வண்டுகள் ஓட்டைத் திறந்து பறந்துவிட்டன. மூன்றை ஒவ்வொன்றாக இலையில் நடக்கவிட்டேன். அவர் தன் போனில் படம் எடுத்தார், எல்லாம் மங்கல்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது வாளிகளை நானே கீழே இறக்கினேன். கொடியில் காய் முற்றி, விதைகள் கறுத்திருந்தன. அவற்றை ஒரு பழைய உறையில் போட்டு, மேலே செடியின் பெயரையும் தேதியையும் எழுதினேன். செயலாளரின் வீட்டு மணியை அடித்து, மாடி காலியாகிவிட்டது என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தப் போனவர், கொஞ்சம் தயங்கினார்.

"அந்தப் பூ பூத்துதா மேடம்?"

போனை எடுத்து, வாசலில் நின்றபடியே அவருக்குக் காட்டினேன்.